கூட வந்த ஆள்

நாளைக்கா உனக்கு? இந்த வயசுலயேவா? சுகர் இருக்கா? அதான். சுகர் இருந்தா சீக்கிரமே புரை வந்துருமாம், எங்க தெரு நர்சம்மா சொல்லும். உக்காரு தாயி, கிட்ட வந்து உக்காரு. எனக்கு இப்ப யாருகிட்டயாவது பேசிக்கிட்டே இருக்கணும். வாய மூடுனா நெஞ்சு படபடன்னு அடிக்குது. ஆப்பரேசனுக்கு இல்ல, எனக்கு அது முடிஞ்சு ஒரு மாசமாச்சு. வலது கண்ணு. இன்னைக்கு செக்கப்புக்கு வந்திருக்கேன்.

பயப்படாத, ஒண்ணுமே இல்ல. நான் சாத்தூர்ப் பக்கம், தீப்பெட்டி ஆபீசுல முப்பது வருசம் வேல பாத்தவ. எதுக்கும் பயப்படமாட்டேன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவதான். ஆனா பச்சக் கவுன மாட்டிவிட்டு வரிசையா உக்கார வச்சாங்க பாரு, அப்பவே சாமியெல்லாம் கூப்புட ஆரம்பிச்சுட்டேன். பேரு என்ன, எந்தக் கண்ணுன்னு அஞ்சு பேரு கேப்பாங்க. நாலாவது ஆளு கேக்கவும் எனக்குக் கோவம் வந்து, "நெத்தியிலதான் பிளாஸ்திரி ஒட்டியிருக்கீகளே, அதப் பாத்துக்கங்க"ன்னுட்டேன். அந்தப் பிள்ள சிரிச்சுக்கிட்டே, "உங்க வாயாலதான் சொல்லணும் பாட்டி"ன்னுச்சு. நீ எரிச்சல் படாம சொல்லிரு.

அப்புறம் கண்ணுக்குக் கீழ ஒரு ஊசி. மொத்தத்துல வலின்னா அது ஒண்ணுதான், அதுவும் சுருக்குன்னு ஒரு நிமிசம். சில பேருக்கு வெறும் சொட்டு மருந்துலயே மரத்துப்போக வச்சிருறாங்களாம், உனக்கு எப்டியோ. படுக்க வச்சு மூஞ்சி பூராம் துணியப் போட்டு மூடிருவாங்க, கண்ணுக்கு மட்டும் ஓட்ட. அங்கதான் கொஞ்சம் கஷ்டம். மூச்சு முட்டுற மாதிரி இருக்கும். முட்டாது, ஆனா அப்டித் தோணும். அசையக் கூடாது. பேசக் கூடாது. இருமல் வந்தா முன்னக்கூட்டியே சொல்லிரணும். மேல வெளிச்சம் தெரியும், அது கலங்கிக் கலங்கி செவப்பா நீலமா ஓடும். தண்ணி ஊத்திக்கிட்டே இருப்பாங்க. டாக்டரு நர்சுகிட்ட அதக் குடு இதக் குடுன்னு கேப்பாரு, நமக்குப் பூராமும் கேக்கும். எனக்கு உள்ளங்காலு அரிக்குது, சொறிய முடியல. கால் மணி நேரம்தான். ஆனா அந்தத் துணிக்குள்ள கெடந்தப்ப, ஐயோ கடவுளே, எந்திரிச்சு ஓடிருவோமான்னு இருந்துச்சு. ஓட முடியுமா? கண்ணு அவுக கையில இருக்கு.

உனக்குக் கூட யாரு வந்திருக்கா? தங்கச்சியா? நல்லது. கூட ஒரு ஆள் இல்லாம இங்க எடுக்கவேமாட்டாங்க. செக்கப்புக்கும் ஆளோடதான் வரணும். எனக்கு என் மருமக வந்தா, காளீஸ்வரின்னு பேரு. என் மகன் சங்கரபாண்டிக்குக் கல்யாணமாகி நாலு வருசமாச்சு. அவனே வந்து உக்காந்திருப்பான், ஆனா ஆப்பரேசன் பண்ற பொம்பள வார்டுக்குள்ள ஆம்பளைய விடமாட்டோம்னுட்டாங்க. அதனாலதான் அப்ப அவள அனுப்பிச்சான், இன்னைக்கு அவனுக்கு லீவும் கெடைக்கல. இல்லேன்னா அவள எங்கயும் அனுப்பமாட்டான்.

எம் மகன் கெட்டவன் இல்ல தாயி. அத மொதல்ல சொல்லிருறேன். ஒரே மகன். பீடி சிகரெட்டு கெடையாது, தண்ணி தொடமாட்டான், மில்லுல சூப்பர்வைசர். அவுக அப்பா மாதிரி இல்ல. அவுக அப்பா குடிச்சுட்டு வந்து என்னைய நடுத்தெருவுல வச்சு அடிப்பாரு. நாலு பேரு ஓடியாந்து வெலக்கி விடுவாங்க. சங்கரு குரல ஒசத்திக்கூடப் பேசமாட்டான். எம் புள்ள தங்கம்னு ஊர் பூராம் சொல்லுவேன். யாரு வீட்டுல சண்ட நடந்தாலும் எம் மகனப் பாருங்கடான்னு சொல்லியிருக்கேன், இந்த வாயால.

ரெண்டு வருசமா அவன் வீட்டுலதான் இருக்கேன், இங்க மதுரையில, மூணாவது மாடி. அப்பவே எனக்குக் கண்ணு ரெண்டும் மூட்டம். ஆள் நிக்கிறது தெரியும், மூஞ்சி தெரியாது. சாயங்காலம் வேலவிட்டு வந்தான்னா, "கண்ணுதான் தெரியல, பாட்டாச்சும் கேளும்மா"ன்னு டிவியச் சத்தமா வச்சுட்டு உள் ரூமுக்குப் போவான். அவளும் போவா. நான் பாட்டக் கேட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன். எம் மேல எம்புட்டுப் பாசம்னு நெனச்சுக்குவேன்.

ஆப்பரேசனுக்கு அப்புறம்தான் உண்மையான செறை. அது உனக்கும் வரும், மனசத் தயார் பண்ணிக்க. குனியாத, கனம் தூக்காத, தலைக்கு ஊத்தாத, அடுப்புகிட்டப் போகாத, கண்ணக் கசக்கவே கசக்காத, ஆப்பரேசன் பண்ண பக்கம் ஒருக்களிச்சுப் படுக்காத. வீட்டுக்குள்ளயே கறுப்புக் கண்ணாடி. எங்க வீட்டுல அதோட பூட்டு வேற. காலையில எட்டரைக்கு வெளிய பூட்டிட்டுப் போவான். "கண்டவங்க வந்து போனா கண்ணுல கிருமி பத்திரும்மா"ம்பான். என்னது? அதுக்கு முன்னாடியா? முன்னாடியும் பூட்டத்தான் செஞ்சான். திருட்டுப் பயம்னு சொல்லுவான். எனக்கு அது வித்தியாசமாத் தோணல. எங்களுக்கு வெளிய போயி என்ன ஆகணும்?

மருந்துச் சீட்டு ஒண்ணு குடுப்பாங்க. பத்திரமா வச்சுக்க. மொத வாரம் ஒரு நாளைக்கு ஆறு தடவ சொட்டு, அடுத்த வாரம் அஞ்சு, அப்டியே கொறஞ்சுக்கிட்டே வரும். ஒரு தடவகூட விடக்கூடாது. அந்தச் சீட்டப் பீரோவுல ஒட்டி வச்சான் எம் மகன். வேலவிட்டு வந்ததும் எம் பக்கத்துல உக்காந்து, "மருந்து சரியா விட்டாளாம்மா?"ம்பான். எனக்கு அவ்வளவு சந்தோசமா இருக்கும். நாள் பூராம் பூட்டுன வீட்டுல கெடக்கவகிட்ட ஒருத்தன் வந்து கேட்டா, சொல்லத்தான தோணும்? "ரெண்டு மணி மருந்த ரெண்டரைக்கு விட்டா"ம்பேன். "ரசத்துல உப்பே இல்ல"ம்பேன். அவ ரசம் அப்டித்தான், வெந்நித் தண்ணி. மாமியான்னா நாலு கொற சொல்லத்தான செய்வா? இதுல என்ன இருக்கு?

ஆப்பரேசனுக்கு மறுநாள் கட்டப் பிரிச்சாங்க. வெள்ளைன்னா இதான் வெள்ளையான்னு இருந்துச்சு! சொவத்த வெள்ளைன்னு இத்தன வருசமா டீத்தண்ணி கலர்லல்ல பாத்திருக்கேன். என் கையப் பாத்தா யாரோ கெழவி கை. வீட்டுக்கு வந்து பாத்தா மூலைக்கு மூல ஒட்டட. "ஏன்டி, இதக்கூட அடிக்கமாட்டியா?"ன்னு வஞ்சேன். சிரிச்சா. அவ சிரிச்சு நான் அன்னைக்குத்தான் பாத்தேன்.

ஏழெட்டு நாளு இருக்கும். மருந்து விடுறப்ப நாம மல்லாக்கப் படுத்துக்கணும், தாடையத் தூக்கிக்கணும். விடுறவங்க நம்ம தலைக்கு மேல குனிஞ்சு, இமையக் கீழ இழுத்து, ஒரு சொட்டு விடுவாங்க. நான் அப்டிக் கெடக்கேன், அவ குனிஞ்சு நிக்கிறா. அவ தாடைக்கு அடியில தெரியுது. நேருக்கு நேரா நின்னு பேசுறவங்களுக்குத் தெரியாத எடம் அது. கீழ படுத்துக்கெடக்கவளுக்குத்தான் தெரியும். ஒரு பக்கம் நாலு, அந்தப் பக்கம் ஒண்ணு. கன்னிப்போயி, ஓரத்துல பச்ச பாஞ்சு கெடக்கு. வெரலு தாயி. அஞ்சு வெரலு.

கேட்டேன். கேக்காம இருப்பேனா? "குக்கர் ஆவி அடிச்சிருச்சு அத்தே"ன்னா. நானும் சரின்னுட்டேன். ஆவி அடிச்சா செவக்கும், கொப்பளிக்கும். தீப்பெட்டி ஆபீசுல நான் பாக்காத சூடா? எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் சரின்னேன். அவ கழுத்துல இருக்கிறது யாரு கையின்னு நான் கேட்டுட்டா, அவ சொல்லிட்டா, அப்புறம் நான் என்ன பண்ணுவேன் சொல்லு?

பெறகு நானா பாக்க ஆரம்பிச்சேன். ஒரு நாளைக்கு அஞ்சு தடவ கீழ படுத்துப் பாக்கேன்ல. திங்கக்கெழம மருந்து தள்ளிப்போச்சுன்னு அவன்கிட்டச் சொல்லியிருப்பேன், செவ்வாக்கெழம காலையில புதுசா ஒண்ணு இருக்கும். வியாழக்கெழம ரசத்தச் சொன்னேன், வெள்ளிக்கெழம காதுக்குப் பின்னாடி. அந்த வெள்ளிக்கெழம மருந்து கண்ணுக்குள்ள ஒரு சொட்டு விழுந்துச்சு, கன்னத்துல ஒரு சொட்டு விழுந்துச்சு. கன்னத்துல விழுந்தது சூடா இருந்துச்சு. அவ தொடச்சு விட்டுட்டுப் போயிட்டா. நான் படுத்தே கெடந்தேன். எந்திரிச்சு அவ மூஞ்சியப் பாக்க எனக்கு வெக்கமா இருந்துச்சு.

ரெண்டு தடவ உண்டாகி கலைஞ்சுபோச்சு அவளுக்கு. வழுக்கி விழுந்துட்டேன்னா. ரெண்டு தடவயும் நான்தான் வஞ்சேன், நடக்கத் தெரியாதவளேன்னு.

அதுக்கப்புறம் நான் வாயே தெறக்கல. "எல்லாம் சரியா விட்டாய்யா, ரசம் அருமை"ன்னேன். நாலு நாள் சொன்னேன். அஞ்சாம் நாள் சங்கரு என்னையப் பாத்து மெதுவாச் சிரிச்சான். "என்னம்மா, ரெண்டு பேரும் கூட்டுச் சேந்துட்டீங்களா?"ன்னான். டிவியச் சத்தமா வச்சான். சொன்னாலும் அடி, சொல்லாட்டியும் அடி. எந்திரிச்சுப் போயி அந்தக் கதவத் தட்டியிருக்கணும். தட்டல. பாட்டு முடியுற வரைக்கும் உக்காந்திருந்தேன்.

போலீசா? எம் மகன நானே எப்டித் தாயி புடிச்சுக் குடுப்பேன்? சின்னதுல அவுக அப்பா அடிக்கயில என் சேலைக்குப் பின்னாடி வந்து ஒளிஞ்சவன். என்னைய விட்டுட்டு ஒரு வாய் சாப்புடமாட்டான். இரு, போனு அடிக்குது. அவன்தான். பேசாம இரு.

ஹலோ... ஆமாய்யா... இன்னும் கூப்புடல, கூட்டமா இருக்கு... அவளா? மருந்து வாங்குற எடத்துல நிக்கிறா... குடுக்க முடியாதுய்யா, தூரமா நிக்கிறா, வரிசை பெருசு... வந்ததும் பேசச் சொல்றேன்... ஆமா... ஆமா சாமி. நீ ஒரு மணிக்கே வா, அவசரமில்ல.

பாத்தியா? அரை மணிக்கு ஒருக்க இப்டித்தான். அவளுக்குப் போனு கெடையாது, என்கிட்ட இருக்கிற இந்த பட்டன் போனுதான். வரிசையிலயா? வரிசையில யாரும் நிக்கல தாயி. அவ போயிட்டா.

நான்தான் அனுப்புனேன். இன்னைக்குத் தேதியச் சீட்டுலயே எழுதியிருந்தாங்க, துணைக்கு ஒரு ஆளோட வரணும்னு. அத விட்டா அடுத்த கண்ணு ஆப்பரேசனுக்குத்தான் கதவு தெறக்கும். அது எந்த மாசமோ. அதுவரைக்கும் அந்தக் கழுத்து தாங்குமா? பீரோச் சாவி என் இடுப்புலதான் இருக்கும், அம்மாகிட்ட இருந்தாத்தான் பத்திரம்பான். அவன் குளிக்கப் போயிருந்தப்ப எடுத்து வச்சேன். ஆசுபத்திரிக்குக் கொண்டாற கட்டப்பையில, பிளாஸ்குக்கு அடியில ரெண்டு சேல, அவ பன்னெண்டாங் கிளாஸ் மார்க் சீட்டு, ஆதார் கார்டு, நான் முடிஞ்சு வச்சிருந்த கொஞ்சம் பணம். மேல என் துண்டப் போட்டு மூடுனேன். கனம் தூக்கக் கூடாதுன்னாங்க, தூக்குனேன். கண்ணுக்கு ஒண்ணும் ஆகல.

அவகிட்ட முன்னாடி ஒரு வார்த்த சொல்லல. சொன்னா மூஞ்சியில தெரிஞ்சிரும். இங்க கொண்டாந்து எறக்கிவிட்டுட்டு அவன் வேலைக்குப் போனதும், "போயி மருந்து வாங்கிட்டு வா"ன்னு பையக் கையில குடுத்தேன். "மருந்துக்கு எதுக்கு அத்தே இம்புட்டுப் பெரிய பை?"ன்னா. தொறந்து பாத்தா. "நீங்க?"ன்னா. "போடி, எம் மொகரையவே பாத்துக்கிட்டு நிக்காத"ன்னேன். திட்டித்தான் அனுப்புனேன். எனக்கு வேற மாதிரிப் பேச வராது.

எங்க போறன்னு நான் கேக்கல. கேட்டா தெரிஞ்சிரும். தெரிஞ்சா இந்த வாயில வந்துரும், என் வாயி லச்சணம்தான் இப்பப் பூராம் கேட்டியே. அந்தக் கண்ணாடிக் கதவு வழியா ரோடு தெரியுதுல்ல? பஸ்ஸு போர்டக்கூடப் பாத்திருக்கலாம். அவ போற வரைக்கும் வேணும்னே சொவத்துப் பக்கம் திரும்பி உக்காந்துக்கிட்டேன். அவ இப்ப எந்தத் திக்குல போறாளோ, சத்தியமா எனக்குத் தெரியாது.

எனக்கென்ன? என்னைய ஒண்ணும் செய்யமாட்டான். பெத்தவல்ல. மருந்த நானே விட்டுக்கிருவேன், கண்ணாடியப் பாத்து விட்டா ஆச்சு. சோறு பொங்கிருவேன். இல்ல தாயி, பொய் சொல்லக் கூடாது, பயமாத்தான் இருக்கு. அந்தக் கதவப் பூட்டுனா உள்ள நானும் அவனும்தான். டிவிய வைக்க வேண்டிய அவசியம்கூட இல்ல. ஆனா நான் போயிட்டா அவனுக்கு யாரு இருக்கா? அவளோட சேந்து நானும் ஓடியிருந்தா நேரா எங்க ஊருக்குத்தான் வருவான், அங்க வந்தா அவள ரெண்டே நாள்ல கண்டுபுடிச்சுருவான். இங்க ஒருத்தி உக்காந்திருந்தாத்தான் அவன் இங்க வந்து நிப்பான். எம்புட்டு நேரம் நிப்பான்? அம்புட்டு நேரம் அவளுக்கு லாபம்.

வாங்க சிஸ்டர். ஆமா, நான்தான். வலது கண்ணு... ரெண்டுலயும் விடணுமா? விடுங்க. ஸ்ஸ்... எரியுது. எம்புட்டு நேரம் மூடியிருக்கணும்? சரி சரி.

இது உனக்கும் விடுவாங்க தாயி. கண்ணுப் பாப்பா விரியணுமாம், அப்பத்தான் டாக்டருக்கு உள்ள தெரியும். கொஞ்ச நேரத்துல வெளிச்சம் கூசும், கிட்டத்துல இருக்கிறது மங்கிரும், சாயங்காலம் வரைக்கும் அப்டித்தான் இருக்கும். அதனாலதான் தனியா வராதன்னு சொல்றாங்க. மணி என்ன ஆச்சு? பன்னெண்டுதான் ஆச்சா? ஒன்பதே காலுக்குப் போனா. ரெண்டே முக்கா மணி நேரம். பஸ்ஸுல ரெண்டே முக்கா மணி நேரம்னா எம்புட்டுத் தூரம் போகலாம்? நீ படிச்சவ, சொல்லு. ஒரு மணிக்கு அவன் வந்து, தேடி, பாத்ரூம் கேண்டீன்னு அலைஞ்சு, என்னையக் கேட்டு... இன்னும் ஒரு ரெண்டு மணி நேரம் கெடைச்சாப் போதும்.

அந்தா.

ஒரு மணின்னான். அதுக்குள்ள வந்துட்டான். கண்ணாடிக் கதவு வழியா பாரு, வெளி கேட்டுகிட்ட, நீலச் சட்ட. நான் போனுல பேசுனது சரியில்ல போல, கண்டுக்கிட்டான். எம்புட்டுத் தூரத்துல வாரான், இப்பவும் எனக்கு எப்டித் தெரியுது பாரு, கைய இறுக்கி மூடிக்கிட்டு வாரான். அவுக அப்பா நட. அப்டியே அவுக அப்பா நட தாயி. இத நான் இம்புட்டு நாளா பாக்கலையே.

எந்திரிக்காத. உன் காலுல விழுந்து கேக்கேன், எந்திரிக்காத. கையக் குடு. சும்மா புடிச்சுக்க. நீ ஒண்ணும் பேச வேண்டாம், ஒண்ணும் செய்ய வேண்டாம். நான் பாத்துக்கிறேன்.

யாரு? யாருய்யா அது, முன்னாடி நிக்கிறது? சங்கரா? மருந்து விட்டுட்டாங்கய்யா, ஒண்ணுமே தெரியல, எல்லாம் பொகையா இருக்கு. கொரல வச்சுத்தான் நீன்னு தெரியுது... யாரு, காளீஸ்வரியா? இந்தா, எம் பக்கத்துலதான உக்காந்திருக்கா. எங்க போவா? இம்புட்டு நேரமா இவ கையப் புடிச்சுக்கிட்டு இவகிட்டதான பேசிக்கிட்டு இருக்கேன். மருந்து வாங்கிட்டு அப்பவே வந்துட்டாளே. ஏன்டி, வாயத் தொறந்து சொல்லேன்டி உம் புருசன்கிட்ட.

என்னய்யா சொல்ற? இது அவ இல்லையா?